வண்டி கேள்வி-பதில்: பட்டன் இருக்கிறது, ரப்பர் போய்விட்டது

மழைக்காலம் நெருங்குவதாலோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் டயர் பற்றிய கேள்விகள்தான் அதிகம். மைலேஜ், என்ஜின் ஆயில் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த இதழ் முழுக்க டயருக்கே கொடுத்துவிடலாம்.

கேள்வி (தாராபுரம் வாசகர்): அப்பா 2014 கடைசியில் வாங்கிய ஸ்ப்ளெண்டர் வைத்திருக்கிறார். ரிடையர் ஆன பிறகு கடைவீதி, கோவில், ரேஷன் கடை தவிர வேறெங்கும் எடுப்பதில்லை, மொத்தமே 14,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. சர்வீஸுக்கு விட்டபோது மெக்கானிக் இரண்டு டயரையும் மாற்றச் சொன்னார். "பட்டன் புதுசு மாதிரி அப்படியே இருக்கு, எதுக்குக் காசைக் கொட்டணும்" என்று அப்பா மறுத்துவிட்டார். யார் சொல்வது சரி?

பதில்: மெக்கானிக் சொல்வதுதான் சரி. அப்பாவிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

டயர் எவ்வளவு தூரம் ஓடியது என்பதைத்தான் பட்டன், அதாவது டயர் ரோட்டில் படும் இடத்தில் உள்ள மேடுபள்ளம், சொல்லும். அந்த ரப்பர் இன்னும் ரோட்டைப் பிடிக்குமா என்பது வேறு கேள்வி, அதற்கு டயரின் வயதைத்தான் பார்க்க வேண்டும். தினமும் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வேலைக்குப் போய் வருகிறவர் மூன்று நாலு வருடத்திலேயே பட்டனைத் தேய்த்துவிடுவார், மாற்றித்தான் ஆக வேண்டும், அதனால் கிழட்டு டயரில் ஓட்டும் நிலைமை அவருக்கு வருவதே இல்லை. உங்கள் அப்பா மாதிரி அளவாக, பத்திரமாக வண்டி வைத்திருப்பவர்கள்தான் பத்து வருட டயரில் போய்க்கொண்டிருக்கிறார்கள், அதுவும் நல்ல டயர்தான் என்ற நம்பிக்கையோடு. எனக்குக் கவலையே இவர்களைப் பற்றித்தான்.

வண்டி ஓடாமல் நின்றாலும் ரப்பருக்குள் வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். டயர் செய்யும்போது ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூட்டில் வேகவைக்கிறார்கள். ரப்பரின் நீளமான மூலக்கூறுகளைக் கந்தகம் அங்கங்கே ஒன்றோடொன்று கட்டிவிடுவதால்தான் அதற்கு வலுவும் வளைந்து மீளும் தன்மையும் வருகின்றன. ஃபேக்டரியை விட்டு வந்த பிறகும் வெயில் சூட்டாலும் காற்றில் உள்ள ஆக்சிஜனாலும் இந்தக் கட்டுகள் மெதுவாகக் கூடிக்கொண்டே போகின்றன, கூடக் கூட ரப்பர் இறுகிவிடும். வெளிக்காற்று மட்டுமல்ல, நாம் உள்ளே அடித்து வைத்திருக்கும் காற்றும் இதைச் செய்கிறது. சூடு 10 டிகிரி கூடினால் இந்த வேலை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும் என்பது ரப்பர் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. நம் மே மாத வெயிலில் தகர ஷெட்டுக்குள் நிற்கும் வண்டியை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று ஓசோன். காற்றில் ரொம்பக் கொஞ்சமாக இருந்தாலும், இழுபட்டு நிற்கும் ரப்பரைத் தேடி வந்து வெட்டுவது அதுதான், டயரின் பக்கவாட்டில் முடி மாதிரி வரும் வெடிப்புகளுக்கு முக்கியக் காரணம். இதைத் தடுக்க ஒரு வகை மெழுகும் ஓசோன் தடுப்பு ரசாயனமும் ரப்பரிலேயே கலந்திருப்பார்கள். அந்த மெழுகு சரியாக வேலை செய்ய டயர் அடிக்கடி ஓடி, சுமையில் நெளிய வேண்டும், அப்போதுதான் அது உள்ளிருந்து மேலே வந்து புதிதாகப் படிந்துகொண்டே இருக்கும். ஆக, நின்றே கிடக்கும் வண்டிக்கு அந்தப் பாதுகாப்பும் குறைவு. "ஓட்டவே இல்லையே, எப்படிக் கெட்டுப்போகும்" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான், ஓட்டாமல் விட்டதும் ஒரு காரணம்.

இறுகிப்போன ரப்பரால் என்ன ஆகும்? ஓடும்போது ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடும் இடம் ஒரு சின்ன வெற்றிலை அளவுதான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, உங்கள் அப்பா திரும்புவதும் நிற்பதும் இந்த இரண்டை நம்பித்தான். ரோட்டில் உள்ள நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் அமுங்கி உட்கார்ந்தால்தான் பிடிப்பு கிடைக்கும். இறுகிய ரப்பர் அமுங்காது, மேலாகவே உரசிக்கொண்டு போகும். காய்ந்த ரோட்டில், மெதுவாகப் போகும்போது இது தெரியவே தெரியாது, அதனால்தான் வருடக்கணக்கில் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆடு குறுக்கே வந்து பிரேக்கை அழுத்தும்போதோ, முதல் மழையில் ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் கலந்து வழவழவென்று கிடக்கும்போதோ தெரியும். அப்போது தெரிந்து ஒன்றும் செய்ய முடியாது. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம் என்று வந்துவிட்டது, நல்ல விஷயம்தான், ஆனால் ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுமே தவிர டயரில் இல்லாத பிடிப்பை அது எங்கிருந்தும் கொண்டுவராது.

பிடிப்பு போவது ஒரு ஆபத்து என்றால், டயர் வெடிப்பது இன்னொன்று. டயருக்குள் நைலான் இழைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, அவற்றோடு ரப்பர் ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் டயர் ஒரே பொருளாக நிற்கிறது. வயதாக ஆக அந்த ஒட்டுதல் விட்டுப்போகும். இங்கிலாந்தில் 2012 செப்டம்பரில் ஹைண்ட்ஹெட் என்ற ஊர் பக்கம், இசை விழாவுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த இளைஞர்களின் பஸ் முன் டயர் வெடித்து விபத்துக்குள்ளானது, டிரைவரோடு சேர்த்து மூன்று பேர் இறந்தார்கள். விசாரித்துப் பார்த்தால் அந்த டயருக்கு 19 வயதுக்கு மேல். இறந்த பையன் ஒருவனின் தாய் வருடக்கணக்கில் போராடினார், கடைசியில் 2021 பிப்ரவரியிலிருந்து அங்கே லாரி, பஸ்களின் முன் சக்கரத்தில் பத்து வருடத்துக்கு மேற்பட்ட டயர் போடுவதையே சட்டம் தடை செய்துவிட்டது. பஸ் கதைதானே என்று விடாதீர்கள். பஸ்ஸிலும் பைக்கிலும் ரப்பர் முதுமையடையும் விதம் ஒன்றுதான், விழுந்தால் நம்மைச் சுற்றி ஒரு தகரம்கூடக் கிடையாது என்பதுதான் வித்தியாசம்.

நம் மத்திய மோட்டார் வாகன விதிகள் இரண்டு சக்கர வண்டிக்குப் பட்டன் ஆழம் குறைந்தது 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கின்றன. போலீஸ் பிடித்தாலும் பட்டனைத்தான் பார்ப்பார்கள். ஆகவே வயதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மிஷலின் டயர் கம்பெனி, ஐந்து வருடம் பயன்படுத்திய டயரை அதன் பிறகு வருடம் ஒருமுறையாவது தெரிந்தவரிடம் காட்டுங்கள், தயாரான தேதியிலிருந்து பத்து வருடம் ஆகிவிட்டால் பார்க்க எப்படி இருந்தாலும் மாற்றிவிடுங்கள் என்கிறது. பத்து என்பது கடைசி எல்லை. நம் வெயிலுக்கு அது அதிகம் என்பது என் கருத்து. திறந்தவெளியில் நிற்கும் வண்டியாக இருந்தால் ஆறு வருடத்தில் மாற்றுவதுதான் நல்லது.

உங்கள் அப்பாவுடைய டயர் எந்தக் கணக்கிலும் தேறாது. இரண்டு டயர், இரண்டு ட்யூப், மாட்டுக்கூலி எல்லாம் சேர்த்து ஐயாயிரம் ரூபாய்க்குள் முடிகிற வேலை. அவர் வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன செலவு, எத்தனை மாதப் படுக்கை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): டயரின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? வண்டி வாங்கிய தேதியை வைத்துச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம், டயரிலேயே எழுதியிருக்கிறது. பக்கவாட்டில் கம்பெனி பெயர், அளவு எல்லாம் போக, ஒரு சின்ன நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் எந்த வாரம் என்பதையும், அடுத்த இரண்டு இலக்கம் எந்த வருடம் என்பதையும் சொல்லும். 3714 என்று இருந்தால் 2014-ம் ஆண்டின் 37-வது வாரம், அதாவது செப்டம்பர் நடுவில் தயாரானது. பல டயர்களில் இது ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், செயின் பக்கமோ சைலன்சர் பக்கமோ மாட்டிக்கொண்டு கண்ணுக்கே தெரியாது. செல்போன் டார்ச்சை அடித்து, சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே தேடுங்கள், தூசியை ஈரத்துணியால் துடைத்துவிட்டால் தெரியும். மூன்றே இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது 2000-க்கு முந்தைய டயர், அதில் ஏறி உட்காரவே வேண்டாம்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் ஆர்சி புத்தகத்தையும் கிலோமீட்டரையும் பார்ப்பதோடு இந்த நாலு இலக்கத்தையும் பாருங்கள். "டயர் ரெண்டும் புதுசு சார்" என்று விற்பவர் சொல்வது உண்மையா என்று அங்கேயே தெரிந்துவிடும், இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

கேள்வி (நாகர்கோவில் வாசகி): என் ஸ்கூட்டர் டயரின் பக்கத்தில் மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன. பொண்ணைப் பள்ளிக்கூடத்தில் விட மட்டும்தான் எடுக்கிறேன், மூன்று கிலோமீட்டர், முப்பதுக்கு மேல் போவதில்லை. இன்னும் ஒரு வருடம் ஓட்டலாமா?

பதில்: ஒரு வருடம் வேண்டாம் அம்மா. மெதுவாகப் போவதால் டயர் சூடேறி வெடிக்கும் வாய்ப்பு குறையும், அது உண்மைதான். ஆனால் முப்பதில் போகும்போது முன் சக்கரம் வழுக்கினாலும் விழுவது விழுவதுதான், பின்னால் குழந்தை உட்கார்ந்திருக்கிறாள். உங்கள் ஊரில் இரண்டு பருவமழையும் பெய்கிறது, ஈர ரோட்டில் ஓட்டும் நாள் மற்ற ஊர்க்காரர்களைவிட உங்களுக்குத்தான் அதிகம்.

வெடிப்பில் எது எவ்வளவு மோசம் என்றும் சொல்லிவிடுகிறேன். பக்கவாட்டில் மேலாக, நகத்தை ஓட்டினால் தட்டாத அளவுக்கு மெல்லிய கோடுகள் மட்டும் இருந்தால், தேதியைப் பார்த்துவிட்டு மாற்றுவதற்குக் கொஞ்சம் அவகாசம் எடுத்துக்கொள்ளலாம். நகம் மாட்டுகிற வெடிப்பு, பட்டன்களுக்கு நடுவே பள்ளத்தின் அடியில் ஓடும் வெடிப்பு, ரிம்மை ஒட்டி வட்டமாகப் போகும் வெடிப்பு, இவற்றில் எது இருந்தாலும் வண்டியை அதற்கு மேல் ஓட்டாமல் டயர் கடைக்குக் கொண்டுபோங்கள். எங்காவது புடைத்திருந்தால் கடைக்குக்கூட ஓட்டிப் போகாதீர்கள், உள்ளே இழை விட்டுவிட்டது என்று அர்த்தம், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வெடிப்பே இல்லாமலும் ரப்பர் இறுகியிருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். பட்டனில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள், நல்ல ரப்பரில் நகம் லேசாக அமுங்கி, எடுத்ததும் தடம் மறையும், கிழட்டு ரப்பர் பிளாஸ்டிக்கைத் தொட்ட மாதிரி இருக்கும்.

சில டயர்கள் பக்கவாட்டில் பழுப்பேறித் தெரியும். அது மேலே சொன்ன ஓசோன் தடுப்பு ரசாயனம் வெளியே வந்து படிந்திருப்பதுதான், அழுக்கு இல்லை. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவினால் இருக்கிற பாதுகாப்பையும் நாமே எடுத்துவிடுகிறோம். வாட்டர் சர்வீஸில் டயர் பளபளக்க அடிக்கும் பாலிஷும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது பட்டன் மேல் பட்டுவிட்டால் அடுத்த வளைவிலேயே வழுக்கும், இதை ஏன் இன்னும் இரண்டு சக்கர வண்டிக்கு அடிக்கிறார்கள் என்று புரியவில்லை.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): ஒரு கடையில் பழைய ஸ்டாக் டயர் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் ரீட்ரெட் செய்து (தேய்ந்த டயர் மேல் புதுப் பட்டன் ஒட்டி) தருகிறேன் என்கிறார்கள். எது லாபம்?

பதில்: பழைய ஸ்டாக் என்றால் எவ்வளவு பழசு? நாலு இலக்கத்தைப் பாருங்கள். நிழலில், சூடில்லாத அறையில் வைத்திருந்த டயர் ஒரு வருடம் ஆகியிருந்தால் தாராளமாக வாங்கலாம், இரண்டு வருடம் வரை பரவாயில்லை. அதற்கு மேல் போனால் பாதி விலை கொடுத்துப் பாதி ஆயுளை வாங்குகிறீர்கள். கடை வாசலில் வெயிலில் அடுக்கி வைத்திருந்த டயர் என்றால் தேதி எதுவாக இருந்தாலும் வேண்டாம்.

ரீட்ரெட்டை பைக்குக்குப் போடாதீர்கள். லாரியில் பின்பக்கம் பல டயர்கள் சேர்ந்து சுமையைத் தாங்குகின்றன, ஒன்று போனாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். பைக்கில் அப்படித் தாங்க ஆளில்லை. அதோடு ரீட்ரெட் செய்தால் பட்டன் மட்டும்தான் புதிது, உள்ளே இருக்கும் இழையும் பக்கவாட்டு ரப்பரும் அதே பழைய வயதில்தான் இருக்கும். மொட்டை டயரில் கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டித் தருகிறவர்களும் இருக்கிறார்கள், அது கொலைக்குச் சமம், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி (கரூர் வாசகர்): பின் டயர் மட்டும்தான் தேய்ந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றலாமா? புது டயர் போட்டால் ட்யூபும் மாற்ற வேண்டுமா?

பதில்: முன் டயரின் தேதி நாலைந்து வருடத்துக்குள் இருந்து, வெடிப்பும் இல்லாமல் இருந்தால் பின்னால் மட்டும் மாற்றலாம். பின் டயர் சீக்கிரம் தேயும் என்பதால் பலர் அதையே இரண்டு மூன்று முறை மாற்றிவிட்டு, முன்னால் ஷோரூமில் வந்த டயரையே விட்டுவிடுகிறார்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரத்தில் பெரும்பகுதி முன்னால்தான் சாயும், வண்டியை நிறுத்துவதே முன் டயர்தான். பின் சக்கரம் வழுக்கினால் ஓரளவு சமாளிக்கலாம், முன் சக்கரம் வழுக்கினால் கண்ணிமைக்கும் நேரத்தில் தரையில் இருப்போம். அதனால் முன் டயரைப் பட்டன் பார்த்து மாற்றாதீர்கள், தேதி பார்த்து மாற்றுங்கள்.

ட்யூபை கட்டாயம் மாற்றுங்கள். பழைய ட்யூப் பழைய டயருக்குள்ளேயே விரிந்து பழகியது, புது டயருக்குள் மடிப்பு விழுந்து அந்த இடத்தில் கிழியும், போதாததற்கு நாலு இடத்தில் பஞ்சர் ஒட்டு வேறு இருக்கும். ட்யூப்லெஸ் என்றால் வால்வை மாற்றச் சொல்லுங்கள், அதுவும் ரப்பர்தான். மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், பக்கவாட்டில் போட்டிருக்கும் அம்புக்குறி சக்கரம் சுற்றும் பக்கம் பார்க்க வேண்டும். டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக வர வேண்டும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. புது டயர் முதல் நூறு நூற்றைம்பது கிலோமீட்டருக்கு வழுக்கும், மேல்பரப்பு வழவழவென்று இருக்கும். அதுவரை வளைவில் சாய்க்காமல், திடீரென்று பிரேக் பிடிக்காமல் ஓட்டுங்கள். மழை நாளில் மாட்டினால் இன்னும் கவனம்.

கேள்வி (சென்னை வாசகர்): ஓடிக்கொண்டிருக்கும்போதே டயர் வெடித்தால் என்ன செய்வது?

பதில்: ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து வண்டியை நேராகவே வையுங்கள், ஆக்ஸிலேட்டரை மெதுவாகக் குறையுங்கள், வேகம் தானாக இறங்கட்டும். பிரேக் பிடித்தே ஆக வேண்டும் என்றால் காற்று இருக்கும் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் லேசாகப் பிடியுங்கள், வெடித்த சக்கரத்தின் பிரேக்கைத் தொடாதீர்கள். வேகம் நன்றாகக் குறைந்த பிறகே ஓரம் கட்டுங்கள்.

கேள்வி (துபாய் வாசகர்): காரைக்குடி வீட்டில் என் புல்லட் நிற்கிறது. வருடத்துக்கு ஒரு மாதம் லீவில் வரும்போதுதான் ஓட்டுகிறேன். டயரை எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: முதுமையைத் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரமும் தரையில் படாதபடி என்ஜினுக்கு அடியில் கட்டை கொடுங்கள், ஒரே இடத்தில் அழுந்திச் சப்பையாகாது. அப்படி முடியாவிட்டால் யாரையாவது மாதம் ஒருமுறை காற்றைப் பார்த்து, வண்டியைக் கொஞ்சம் உருட்டி வைக்கச் சொல்லுங்கள். வெயில் படாத உள் அறையாக இருக்கட்டும். மோட்டார் ஓடும் ரூமில் நிறுத்தாதீர்கள், மின் மோட்டார் தீப்பொறியில் ஓசோன் உண்டாகும், அந்த ரூமில் டயரில் சீக்கிரம் வெடிப்பு விழும். தரையில் ஆயில், பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. நைட்ரஜன் அடித்தால் உள்பக்க ஆக்சிஜன் பாதிப்பு கொஞ்சம் குறையும், ஆனால் வெளிப்பக்கம் நடப்பதை அது தடுக்காது, அதற்காகத் தனியாகச் செலவு செய்ய நான் சொல்ல மாட்டேன்.

லீவில் வந்து இறங்கியதும் நேராக வண்டியை எடுத்துக்கொண்டு கொடைக்கானல் கிளம்பாதீர்கள். காற்றைச் சரியான அளவுக்கு அடியுங்கள், அளவு வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ மேனுவலிலோ இருக்கும். பத்து கிலோமீட்டர் ஊருக்குள் ஓட்டிவிட்டு, ஆறியதும் திரும்பப் பாருங்கள், காற்று இறங்கியிருக்கிறதா, எங்காவது புடைத்திருக்கிறதா என்று. நாலு இலக்கத்தைப் படம் எடுத்துச் செல்போனில் வைத்துக்கொள்ளுங்கள், டிக்கெட் போடும்போதே பார்த்துவிடலாம். ஆறு வருடம் தாண்டியிருந்தால் டயர் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், ஊருக்கு வந்த மறுநாள் மாட்டிவிட்டு அப்புறம் மலை ஏறலாம்.